சுருளும் கலையவில்லை, வேகமும் குறையவில்லை

சுருள் கேலக்ஸிகளைப் பற்றி யாராவது "மாற்று விளக்கம்" என்று பேச்சை எடுத்தால் நான் முதலில் கேட்பது, எந்தக் கேள்விக்கு மாற்று என்பதைத்தான். ஏனென்றால் இங்கே கேள்விகள் இரண்டு. கேலக்ஸியின் ஓரத்தில் இருக்கிற நட்சத்திரங்கள் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகின்றன, அந்த வேகத்துக்கு அவை எப்போதோ பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா என்பது ஒன்று. அந்த அழகான சுருள் கைகள் சுற்றிச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அழியாமல் எப்படி நிற்கின்றன என்பது மற்றது. முதலாவது ஈர்ப்பின் அளவு பற்றியது, இரண்டாவது வடிவம் பற்றியது. யூடியூப்காரர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, நடுவில் பின்னணி இசை போட்டு, "ஆகவே கரும்பொருள் பொய்" என்று முடித்துவிடுகிறார்கள். கரும்பொருள் என்பது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பை மட்டும் காட்டுகிற, இருப்பதாகக் கருதப்படுகிற பொருள்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கும் இப்படியான வீடியோக்கள் தவறாமல் வரும். தண்ணீர்த் தாங்கி கழுவும் அறிவித்தலுக்கும் பராமரிப்புக் காசு நினைவூட்டலுக்கும் நடுவில் ஒரு கேலக்ஸி சுற்றிக்கொண்டிருக்கும். அனுப்புகிறவர் நாலாம் மாடி அங்கிள், ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார். "தம்பி, நான் வாழ்நாள் முழுக்கக் கரண்டோட மினக்கெட்டவன். பிரபஞ்சம் முழுக்க ஓடுறது கரண்ட்தான். இவங்கள் அதை விட்டிட்டுக் கண்ணுக்குத் தெரியாத சாமானைத் தேடித் திரியிறாங்கள், அதுவும் நிலத்துக்குக் கீழ போய்!"

நிலத்துக்குக் கீழே போனது உண்மைதான். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பழைய தங்கச் சுரங்கம் ஒன்றில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், ஏழு தொன் திரவ செனனை வைத்துக்கொண்டு ஒரு கரும்பொருள் துகளாவது வந்து மோதாதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலியில் மலைக்கு அடியிலும் அதே வேலை நடக்கிறது. பல பத்தாண்டுகளாகக் கருவிகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன, துகள் கிடைத்தபாடில்லை. அதனால் அங்கிளின் எரிச்சல் நியாயமானது, அவர் தரும் மருந்துதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று லிஃப்ட் வருவதற்குள் சொல்லி முடிக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வடிவக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதைப் பற்றித்தான் ஆட்கள் குறைவாகப் பேசுகிறார்கள். 1845-ல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு தன்னுடைய 72 அங்குலத் தொலைநோக்கியால் எம்51-ஐப் பார்த்து, அதன் சுருளைக் கையால் வரைந்து வைத்தார். அது நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிற இன்னொரு கேலக்ஸி என்று அப்போது யாருக்கும் தெரியாது. தெரிய வந்த பிறகுதான் தலையிடி தொடங்கியது.

ஒரு சின்னக் கணக்கு. சூரியன் பால்வீதியின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, செக்கனுக்கு ஏறக்குறைய 230 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. ஒரு சுற்றுக்கு 22 கோடி ஆண்டு மட்டில் ஆகும். பாதித் தூரத்தில், 13,000 ஒளியாண்டில், இருக்கிற நட்சத்திரமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் போகிறது, ஆனால் அதற்குப் பாதை பாதி என்பதால் 11 கோடி ஆண்டில் சுற்றி முடித்துவிடும். ஆயிரம் கோடி ஆண்டு போகட்டும். வெளியே இருப்பது 45 தடவை சுற்றியிருக்கும், உள்ளே இருப்பது 90 தடவை. இரண்டையும் இணைத்து ஒரு சுருள் கை இருந்திருந்தால் அது இந்நேரம் 45 மடிப்பாகச் சுற்றப்பட்டு, மடிப்புக்கு மடிப்பு முந்நூறு ஒளியாண்டுகூட இடைவெளி இல்லாமல் நெருங்கிப்போயிருக்கும். அப்படி ஒரு கேலக்ஸியை யாரும் பார்த்ததில்லை. உண்மையான கைகள் ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் இரண்டு சுற்று.

ஆக, கை என்பது ஒரே நட்சத்திரங்களால் கட்டப்பட்ட பொருளாக இருக்க முடியாது. 1964-ல் சி. சி. லின், ஃபிராங்க் ஷு இருவரும் சொன்ன அடர்த்தி அலை விளக்கம் இங்கிருந்துதான் வருகிறது. கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகிற காலி வீதியில் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் பவுசர் ஒன்று, அதாவது தண்ணீர்த் தாங்கி லொறி, ஊர்ந்துகொண்டு போவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் நெரிசல். ஒவ்வொரு வாகனமும் வந்து மாட்டி, கொஞ்ச நேரம் ஹோர்ன் அடித்து, எப்படியோ வெட்டி முந்திப் போய்விடும். நெரிசல் மட்டும் பவுசரோடு சேர்ந்து பம்பலப்பிட்டி வரைக்கும் நகரும், அதில் இருக்கும் வாகனங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இந்த உவமை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறது. கேலக்ஸியில் பவுசர் இல்லை. நெரிசல்தான் நெரிசலை உண்டாக்குகிறது, நட்சத்திரங்கள் கொஞ்சம் நெருங்கிய இடத்தில் ஈர்ப்பு கூடுகிறது, கூடிய ஈர்ப்பு இன்னும் சிலதை இழுத்துத் தாமதிக்க வைக்கிறது. அந்த இடத்துக்கு வரும் வாயு நெரிபட்டு அங்கே புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அவற்றில் மிகப் பெரிய நீல நட்சத்திரங்களின் ஆயுள் சில மில்லியன் ஆண்டுகள்தான், கையை விட்டு வெளியே வருவதற்கு முன்னமே வெடித்துப் போய்விடும். அதனால்தான் கைகள் அப்படிப் பளிச்சிடுகின்றன. பழைய நட்சத்திரங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் கைக்கும் கைக்கு வெளியேயும் இருக்கிற வித்தியாசம் புகைப்படத்தில் தெரிகிற அளவுக்கு இல்லை.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. 1969-ல் அலார் டூம்ரே ஒரு கணக்குப் போட்டு, இந்த அலை தன்பாட்டில் விட்டால் ஆரத்தின் வழியே நகர்ந்து, சில சுற்றுகளுக்குள் தேய்ந்துவிடும் என்று காட்டினார். யாராவது அதைத் தொடர்ந்து ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. அலை உண்மையிலேயே நீடித்து நிற்கிற ஒன்று என்று ஒரு தரப்பு. இல்லை, கைகள் தோன்றும், வளரும், சில சுற்றில் கலையும், மறுபடி வேறு கைகள் தோன்றும் என்று இன்னொரு தரப்பு. 1984-ல் செல்வுட், கார்ல்பேர்க் இருவரும் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டாவதுதான் நடந்தது. அதிலும் ஒரு சங்கதி, குளிர்ந்த வாயு தொடர்ந்து சேர்ந்துகொண்டிருந்தால்தான் கைகள் திரும்பத் திரும்ப முளைத்தன, இல்லையென்றால் கேலக்ஸியின் தட்டையான வட்டு சூடாகி, அதாவது நட்சத்திரங்களின் ஓட்டம் தாறுமாறாகி, சுருள் மங்கிவிட்டது. எம்51-ன் விஷயமே வேறு. அதன் கை நுனியில் ஒரு துணைக் கேலக்ஸி தொங்கிக்கொண்டு நிற்கிறது, அந்த இழுவைதான் அந்தக் கைகளை அவ்வளவு திருத்தமாக வைத்திருக்கிறது என்று டூம்ரே சகோதரர்கள் 1972-லேயே காட்டிவிட்டார்கள். இன்னும் சில கேலக்ஸிகளில் நீளமான கையே கிடையாது, துண்டு துண்டாகப் பஞ்சு ஒட்டிவைத்த மாதிரிதான் இருக்கும். அவற்றுக்கு 1970-களின் பிற்பகுதியில் வேறொரு யோசனை வந்தது. ஒரு நட்சத்திரம் வெடித்தால் பக்கத்து வாயு நெரிந்து அங்கே புது நட்சத்திரங்கள், அவற்றில் பெரியது வெடித்தால் அதற்குப் பக்கத்தில் இன்னும் சில, இப்படிப் பரவுகிற தீயை வட்டின் சுழற்சி இழுத்துச் சுருளாக்கிவிடுகிறது. இதில் அலையே தேவையில்லை.

எனக்கு, கலைந்து கலைந்து பிறக்கிற கைகள் என்று சொல்கிறவர்கள் பக்கம்தான் சாய்வு. சுருள் எப்படி நிலைத்திருக்கிறது என்று நாம் கேட்பதே, அது நிலைத்திருக்கிறது என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டுக் கேட்பது. ஒரு கேலக்ஸியை நாம் ஒரே ஒரு கணத்தில்தான் பார்க்கிறோம், அதன் அடுத்த சுற்றைப் பார்க்க நம்மில் யாரும் இருக்கப்போவதில்லை.

கவனித்தீர்களா, இதுவரை நான் சொன்ன எந்த விளக்கத்திலும் புது விசை இல்லை, புது இயற்பியல் இல்லை. எல்லாம் நியூட்டன்தான். வடிவக் கேள்வியில் மாற்று விளக்கங்கள் நிறைய, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைக் கேலக்ஸிக்குப் பொருந்துகிறது, அவற்றுக்காக யாரும் பாடப்புத்தகத்தைக் கொளுத்தத் தேவையில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கேள்வி மற்றக் கேள்வியோடு முட்டுகிறது. 1973-ல் ஒஸ்ட்ரைக்கரும் பீபிள்ஸும் ஒரு தட்டையான நட்சத்திர வட்டைக் கணினியில் சுழல விட்டார்கள். அது சுருளாக நிற்கவில்லை, சீக்கிரமே நடுவில் ஒரு தடித்த சட்டமாகச் சரிந்துவிட்டது. வட்டைச் சுற்றி ஒரு பெரிய உருண்டையான திணிவைப் போட்டபோதுதான் அது அடங்கியது. அதாவது நமக்குத் தெரிகிற நட்சத்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு நியூட்டனிடம் போனால், இத்தனை அமைதியான வட்டுகள் இருக்கவே கூடாது.

இப்போது வேகம். சூரியக் குடும்பத்தில் கணக்கு நேரானது. புதன் செக்கனுக்கு 47 கிலோமீற்றர், பூமி 30, நெப்தியூன் ஐந்தரைக்கும் குறைவு. தூரம் கூடக் கூட வேகம் விழும், ஏனென்றால் திணிவு முழுக்க நடுவில் இருக்கிறது. கேலக்ஸியில் திணிவு பரந்து கிடக்கிறது என்றாலும், வெளிச்சம் தீர்ந்துபோகிற ஓரத்தைத் தாண்டினால் இதே சரிவு வர வேண்டும். 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் பக்கத்துக் கேலக்ஸியான அந்திரொமீடாவில் இதை அளந்தார்கள். அளந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கேலக்ஸியில் ஆங்காங்கே ஒளிர்கிற ஐதரசன் வாயுத் திட்டுகள் 67-ஐத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் நிறமாலையையும் தனித்தனியாகப் படமெடுத்தார்கள். 6,563 அங்ஸ்ட்ரொமில் (ஒளியின் அலைநீளத்தை அளக்கிற அலகு) இருக்க வேண்டிய ஐதரசனின் சிவப்புக் கோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், வாயு நம்மை நோக்கி வந்தாலோ விலகிப் போனாலோ அதன் வேகத்துக்கு ஏற்ப இந்தக் கோடு இடம் மாறும். செக்கனுக்கு 200 கிலோமீற்றர் என்றால் தள்ளல் நாலரை அங்ஸ்ட்ரொம்கூட வராது. ஒரு கோட்டின் இடத்தில் வருகிற அந்தத் துளி வித்தியாசத்தில்தான் முழு விவகாரமும் தொங்குகிறது. மங்கல் ஒளியைப் பெருக்கிக் காட்டுகிற பிம்பக் குழாய் பொருத்தி ஃபோர்ட் உருவாக்கிய நிறமாலைக் கருவி இல்லாவிட்டால் மங்கலான அந்தத் திட்டுகளைப் படமெடுக்க ஓரிரவு போதியிருக்காது.

அளந்து பார்த்தால் வேகம் விழவில்லை. 1978-ல் அல்பேர்ட் பொஸ்மா நெதர்லாந்தின் ரேடியோத் தொலைநோக்கியால், நட்சத்திரங்கள் தீர்ந்துபோன இடத்துக்கும் அப்பால் இருக்கிற குளிர்ந்த ஐதரசனின் 21 சென்ரிமீற்றர் கதிர்ப்பை எடுத்துப் பல கேலக்ஸிகளைப் பார்த்தார். அங்கேயும் விழவில்லை. தூரத்துக்கு எதிரே வேகத்தை வரைந்த கோடு தட்டையாகவே போனது.

இதற்குப் பதில் நாலு விதமாகத்தான் இருக்க முடியும். ஈர்ப்பைத் தவிர வேறொரு விசை இழுத்துப் பிடிக்கிறது. அல்லது நாம் ஈர்ப்பைப் பிழையாகக் கணக்குப் போடுகிறோம். அல்லது ஈர்ப்பு விதியே அங்கே வேறு. அல்லது தெரியாத திணிவு இருக்கிறது.

முதலாவது அங்கிளின் கட்சி. இதை வெறும் யூடியூப் கதை என்று தள்ளிவிட முடியாது, ஹானஸ் அல்வேன் என்ற நோபல் பரிசு பெற்ற பிளாஸ்மா (மின்னேற்றம் கொண்ட வாயு) இயற்பியலாளரின் சிந்தனையில் இருந்து வந்தது. 1986-ல் லொஸ் அலமோஸில் வேலை செய்த அந்தனி பெராட், இரண்டு மின்னோட்ட இழைகள் அருகருகே வந்தால் என்ன நடக்கும் என்று கணினியில் ஓட்டினார். வந்த படங்கள் சுருள் கேலக்ஸி போலவே இருந்தன. அங்கிள் என்னிடம் கைத்தொலைபேசியில் அதைத்தான் காட்டிக் கேட்டார், "அப்ப இது எப்பிடித் தம்பி அச்சொட்டா அப்பிடியே வருது?"

சுருள் வடிவம் வரவைப்பது பெரிய விஷயமே அல்ல. சுற்றுகிற எதிலும் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட வேகமாகச் சுற்றி முடித்தால் சுருள் தானாக வரும், மேலே பார்த்தோமே, கேலக்ஸியின் பிரச்சினையே சுருள் அளவுக்கு மிஞ்சி வந்துவிடும் என்பதுதான். படம் ஒத்துப்போவதை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். கேலக்ஸிகளில் அளந்த காந்தப்புலம் சில மைக்ரோகௌஸ். கொழும்பில் திசைகாட்டி ஊசியைத் திருப்புகிற பூமியின் புலம் இதைவிட ஏறக்குறைய லட்சம் மடங்கு பலமானது. ஐந்து மைக்ரோகௌஸ் என்று வைத்து, ஒரு கன சென்ரிமீற்றரில் அடங்குகிற காந்த சக்தியைக் கணித்து, அதே இடத்தில் ஒரே ஒரு ஐதரசன் அணு செக்கனுக்கு 220 கிலோமீற்றரில் ஓடுகிற இயக்கசக்தியோடு ஒப்பிட்டால், அணுவின் சக்தி சுமார் நானூறு மடங்கு. வாயுவையே திருப்ப முடியாத புலம் அது. நட்சத்திரத்தை என்ன செய்யும்? சூரியனின் திணிவு கிலோகிராமில் 2-க்குப் பின்னால் 30 பூச்சியம், மொத்தத்தில் மின்னேற்றம் ஏறக்குறைய இல்லை. ஆனால் வாயுவும் நட்சத்திரங்களும் வட்டில் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் சுற்றுகின்றன. மின்சாரம்தான் இழுக்கிறது என்றால் மின்னேற்றம் உள்ளதை ஒரு மாதிரியும் இல்லாததை ஒரு மாதிரியும் இழுத்திருக்க வேண்டும். இதை அங்கிளிடம் சொன்னேன். "அதுக்கும் ஒரு வீடியோ இருக்கு, அனுப்புறன்" என்றார்.

இரண்டாவது கட்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2005-ல் கூப்பர்ஸ்டொக், டியூ இருவரும், நியூட்டனுக்குப் பதிலாக ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலை ஒழுங்காகப் போட்டால் கரும்பொருளே தேவைப்படாது என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சார்பியல் திருத்தம் வேகத்தை ஒளிவேகத்தால் வகுத்து வர்க்கமாக்கிய அளவில்தான் வரும், 220-ஐ மூன்று லட்சத்தால் வகுத்து வர்க்கமாக்கினால் பத்து லட்சத்தில் அரைப் பங்கு. நமக்கு வேண்டியதோ பல மடங்கு. அவர்களுடைய தீர்வில் வட்டின் தளத்திலேயே சொல்லாமல் ஒரு கூடுதல் திணிவுத் தகடு ஒளிந்திருந்ததை மற்றவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. 1983-ல் மோர்டெஹாய் மில்க்ரோம் என்ற இஸ்ரேலிய இயற்பியலாளர் சொன்னது இது. பிரச்சினை தூரத்தில் இல்லை, ஆர்முடுகலில், அதாவது வேகம் மாறுகிற வீதத்தில், இருக்கிறது. ஆர்முடுகல் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் நியூட்டனின் விதி மாறி, ஈர்ப்பு மெதுவாகத்தான் குறையத் தொடங்கும். இதை, திருத்திய நியூட்டன் இயக்கவியல் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக, மொண்ட் என்று சொல்கிறார்கள். அந்த எல்லை, செக்கனுக்குச் செக்கன் ஒரு மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒன்றே கால் பங்குக்குக் கிட்ட. எவ்வளவு சின்னது என்று பார்க்க வேண்டுமானால், கொழும்பு கோட்டையில் ஓய்வாக நிற்கிற ஒரு பொருளை இந்த ஆர்முடுகலோடு தெற்கே காலி நகர்ப் பக்கம் தள்ளுங்கள், வேறு எந்தத் தடையும் இல்லை. ஒரு முழு ஆண்டு கழித்து அது அறுபது கிலோமீற்றர் போய் அளுத்கமைக்குக் கிட்ட நிற்கும், அப்போதும் அதன் வேகம் செக்கனுக்கு நாலு மில்லிமீற்றருக்குள்தான். பூமியில் எந்தப் பரிசோதனையிலும் இது இதுவரை கண்ணில் படாததில் அதிசயம் இல்லை. ஆனால் சூரியன் பால்வீதியைச் சுற்றுகிற ஆர்முடுகல் இதைப்போல இரண்டு மடங்குக்குள் இருக்கிறது. நாமே அந்த எல்லையின் வாசலில்தான் குடியிருக்கிறோம்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு என்று அறிவித்த நாட்களில் மொட்டை மாடிக்குப் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும், தெற்கே கடலுக்கு மேலே சிலுவை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு பட்டை. கொழும்பில் அதைப் பார்க்க நாடு வங்குரோத்தாக வேண்டியிருந்தது. அந்தப் பட்டையில் இருக்கிற ஒளிர்கிற பொருளும் வாயுவும் சேர்த்து, சூரியனைப்போல் சுமார் 6,000 கோடி மடங்கு திணிவு என்று வைப்போம். மையத்திலிருந்து 80,000 ஒளியாண்டுக்கு அப்பால் வேகம் என்னவாக இருக்க வேண்டும்? நியூட்டன் 100 கிலோமீற்றர் என்பார். மில்க்ரோமின் விதியில் தூரமே வராது, திணிவு, ஈர்ப்பு மாறிலி, அந்த எல்லை ஆர்முடுகல், மூன்றையும் பெருக்கி நாலாம் மூலம் எடுத்தால் போதும், 175 வருகிறது. அளந்து பெற்ற எண்களும் அந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. கணக்கைப் போட ஒரு கைத்தொலைபேசி போதும்.

ஏற்கெனவே தெரிந்த விடைக்குச் சூத்திரம் கட்டுவது பெரிய கெட்டித்தனம் அல்ல என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் மில்க்ரோம் 1983-லேயே இன்னொன்றும் எழுதி வைத்தார். மிக மங்கலான, நட்சத்திரங்கள் ஐதாகப் பரந்து கிடக்கிற கேலக்ஸிகளில் ஆர்முடுகல் எங்கேயுமே எல்லைக்குக் கீழே இருப்பதால், அங்கே நியூட்டனோடு முரண்பாடு மையத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று. அப்போது அப்படியான கேலக்ஸிகளில் உருப்படியான அளவீடே கிடையாது. 1990-களில் ஸ்டேசி மக்கோ என்ற வானியலாளர், கரும்பொருளை நம்பிக்கொண்டே, வேறு எதற்கோ அவற்றை அளக்கப்போனார், அளந்தது மில்க்ரோம் சொன்னபடியே இருந்தது. ஆள் கட்சி மாறிவிட்டார். 2016-ல் அவரும் கூட்டாளிகளும் 153 கேலக்ஸிகளில் 2,693 இடங்களில், தெரிகிற பொருளுக்குக் கிடைக்க வேண்டிய ஆர்முடுகலையும் உண்மையில் இருக்கிற ஆர்முடுகலையும் ஒரே வரைபில் குறித்தார்கள். புள்ளிகள் எல்லாம் ஒரே வளைகோட்டில் போய் விழுந்தன. அதே ஆண்டு கிரேட்டர் 2 என்ற பூதாகரமான மங்கல் குள்ளக் கேலக்ஸி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நட்சத்திரங்களின் வேகச் சிதறல், அதாவது அவற்றின் வேகங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகிற அளவு, செக்கனுக்குச் சுமார் 2.1 கிலோமீற்றர்தான் இருக்கும், வழமையாக எதிர்பார்ப்பதைவிட நன்றாகக் குறைவு, என்று மக்கோ முன்கூட்டியே எழுதினார். பிறகு அளந்தபோது 2.7 வந்தது, வழு எல்லைகளுக்குள்.

இப்போது கரும்பொருள்காரர்களிடம் ஒரு கேள்வி, இதைத்தான் நான் அங்கிளுக்கும் சொல்ல நினைப்பது. கேலக்ஸியின் திணிவில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாதது என்றால், மிச்சம் இருக்கிற தெரிகிற பங்கை மட்டும் பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் என்ன வேகம் என்று எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது? வாலைப் பார்த்து நாயின் நடையைச் சொல்வது அது. கணினி உருவகங்களில் இதுபோன்ற ஒரு வளைகோடு பின்னர் கிடைக்கத்தான் செய்தது, நட்சத்திர வெடிப்புகள் வாயுவை எவ்வளவு தள்ளும் என்பது போன்ற விஷயங்களைத் திருகித் திருகி. பின்னர் கிடைத்தது என்பதைத்தான் நான் அழுத்துகிறேன்.

அதற்காக மில்க்ரோம் வென்றுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. கேலக்ஸியை விட்டு வெளியே வந்ததும் மொண்ட் தடுமாறுகிறது. கேலக்ஸிக் கொத்துகளில் அந்த விதியைப் போட்ட பிறகும் இரண்டு மடங்களவு திணிவு குறைகிறது. 2006-ல் வந்த புல்லட் கொத்துப் படம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கொத்துகள் மோதி ஊடுருவிப் போயிருக்கின்றன, தெரிகிற பொருளில் பெரும்பகுதியான சூடான வாயு நடுவில் சிக்கிக்கொண்டு எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது, திணிவின் ஈர்ப்பு ஒளியை வளைக்கிற ஈர்ப்பு வில்லை விளைவை வைத்துத் திணிவு எங்கே என்று பார்த்தால் அது வாயுவோடு இல்லை, இரண்டு பக்கமும் கேலக்ஸிகளோடு போய்விட்டது. விதியை மாற்றி இதை விளக்குவது மகா கஷ்டம், ஏதோ ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்பது சுலபம். பிரபஞ்சத்தின் ஆதி ஒளியான நுண்ணலைப் பின்னணியில் இருக்கிற ஏற்ற இறக்கங்களும், சாதாரணப் பொருளைப்போல ஐந்து மடங்குக்கு மேல் கரும்பொருள் இருந்தால் அப்படியே பொருந்துகின்றன. 2017 ஓகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரோன் நட்சத்திரங்கள் மோதிய செய்தி, 13 கோடி ஆண்டுப் பயணத்துக்குப் பிறகு ஈர்ப்பலையாகவும் காமாக் கதிராகவும் இரண்டு செக்கன்கூட இடைவெளி இல்லாமல் வந்து சேர்ந்தது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வரும் என்று சொன்ன மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகள் பல அன்றோடு முடிந்தன, மொண்டின் சார்பியல் வடிவங்களில் பிரபலமானதும் அதில் ஒன்று. 2021-ல் ஸ்கோர்டிஸும் ஸ்லோஸ்னிக்கும் தந்த புது வடிவம் நுண்ணலைப் பின்னணிக்குப் பொருந்துகிறது என்பது உண்மை. எப்படிப் பொருந்துகிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால், அதில் சேர்த்திருக்கிற புலம் ஒன்று ஆதிப் பிரபஞ்சத்தில் அச்சு அசல் கரும்பொருள் போலவே நடந்துகொள்கிறது.

ஒரு விளக்கத்தை எடைபோட எனக்கு இருக்கிற ஒரே படிக்கல், அளப்பதற்கு முன்னமே அது எதைச் சொன்னது என்பதுதான். மின்சாரக் கேலக்ஸி எந்த ஒரு கேலக்ஸிக்கும் முன்கூட்டி ஒரு எண்ணைத் தந்து ஜெயித்ததாக நான் பார்த்ததில்லை. மொண்ட் கேலக்ஸிக்குக் கேலக்ஸி தந்திருக்கிறது. கரும்பொருள் கேலக்ஸிக்குள் பெரும்பாலும் பின்னால் வந்து விளக்கியது, பிரபஞ்ச அளவில் முன்னால் சொல்லி நிரூபித்தது. ஒரே அலுவலகத்தில் இரண்டு பேர் இப்படி இருந்தால் மேலதிகாரிக்கு யாரை அனுப்புவது என்று தெரியாது.

முடிவைக் கேலக்ஸிகளில் தேடாமல் இப்போது சிலர் பக்கத்து வீட்டில் தேடுகிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றையொன்று சுற்றுகிற இரட்டை நட்சத்திரங்கள் ஏராளம். அவற்றில் சில ஜோடிகள் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தைப்போல் 7,000 மடங்குக்கு மேல் தள்ளித் தள்ளி இருக்கின்றன. சூரியனளவு நட்சத்திரத்துக்கு அந்தத் தூரத்தில் ஆர்முடுகல் சரியாக மில்க்ரோமின் எல்லைக்கு இறங்குகிறது. இவ்வளவு சின்ன இடத்தில் கணக்கில் எடுக்கிற அளவுக்குக் கரும்பொருள் இருக்க வழியில்லை, ஆகவே ஜோடி நியூட்டன் சொல்வதைவிட வேகமாகச் சுற்றினால் கரும்பொருளால் அதைக் காப்பாற்ற முடியாது, நியூட்டன்படியே சுற்றினால் மொண்டுக்கு ஒளிய இடமில்லை. நட்சத்திரங்களின் இடத்தையும் ஓட்டத்தையும் அளந்த கையா விண்கலத்தின் தரவை வைத்துக்கொண்டு 2023-ல் ஒரு குழு வேகம் கூடுதல் என்றது, இன்னொரு குழு நியூட்டனேதான் என்று அடித்துச் சொன்னது. தரவு ஒன்றுதான். எந்த ஜோடியில் மூன்றாவதாக ஒரு மங்கல் நட்சத்திரம் ஒளிந்திருந்து வேகத்தைக் கூட்டிக்காட்டுகிறது, அதை எப்படிக் கழிப்பது என்பதில்தான் தகராறு. கையாவை 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் நான்காவது தரவுத் தொகுப்பு 2026 டிசம்பரில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஒளிந்திருக்கிற அந்த மூன்றாவது ஆட்களைப் பிடிக்க அதில் இன்னும் நல்ல அளவீடுகள் இருக்கும்.